படிப்பகத்து மேசையிலிருந்து: எழுபத்திரண்டு வாக்குகள்

சென்ற மாதம் இப்பகுதியில் சமையற் புத்தகங்களைப் பற்றி எழுதியதற்கு ஆறு கடிதங்கள் வந்தன. ஐந்து பாராட்டு, ஒன்று கண்டனம். வத்தற்குழம்பைப் பற்றி நான் கூறியது முழு அறியாமை என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். அவர் வெறுமனே வையவில்லை. காரணங்களையும் வரிசையாக எழுதியிருந்தார். ஆகையால் ஆறு கடிதங்களிலும் அதுவே எனக்கு அதிகப் பயன் அளித்தது.

இம்மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம். பெரியவர்கள் முகம் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம்மில் பலர் சிறுவயதில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் பூகோளப் புத்தகத்தின் நடுவில் ஒளித்துவைத்துப் படித்தவர்கள்தாம். 1972-ல் அவ்வெளியீடு தொடங்கியபோது முதலில் வந்த இரும்புக்கை மாயாவி இங்கிலாந்து தேசத்துச் சரக்கு என்பதை நாம் அப்போது அறிந்தோமா? அறிந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டோம்.

இங்கிருந்து மாற்றலாகிச் சென்ற அன்பர் ஒருவர், தம் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை ஒரு சாக்குப் பையில் கட்டி, நமது படிப்பகத்துக்குக் கொடுத்துப் போனார். ஞாயிறுதோறும் இரவல் பேரேடு எழுதும் பொறுப்பு என்னுடையது. அந்தச் சாக்கிலிருந்து வெளிவந்த ஒரு புத்தகத்தின் பெயரை நான் பேரேட்டில் அடுத்தடுத்துப் பதினொரு முறை எழுதிவிட்டேன். பிள்ளைகள் எடுத்துப் போனார்கள். பிறகு பிள்ளைகள் எதற்காக இவ்வளவு சண்டையிடுகிறார்கள் என்று பார்க்கத் தகப்பன்மார்கள் எடுத்துப் போனார்கள். இரு ஞாயிற்றுக்கிழமைகள் படிப்பகத்தில் பத்திரிகை படிக்க முடியாதபடி வாதம் நடந்தது. அந்த வாதம்தான் என்னை எழுதத் தூண்டியது.

புத்தகத்தின் பெயர் 'பேட்மேன்: எ டெத் இன் த ஃபேமிலி'. 'குடும்பத்தில் ஒரு சாவு' என்று பொருள். பேட்மேன் என்னும் வௌவால் மனிதனை அறியாத வீடு இன்று இல்லை. எனினும் வயது முதிர்ந்த வாசகர்களின் பொருட்டு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் தன் கண்ணெதிரே தாய் தந்தையர் சுடப்பட்டு இறக்கக் கண்ட ஒரு செல்வந்தன், வளர்ந்தபின் இரவில் வௌவால் வேடம் தரித்துக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறான். 1939-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இக்கதை தொடங்கியது. எந்நேரமும் தனிமையில் இருக்கும் நாயகன் யாரிடம் பேசுவான்? மனத்தில் நினைப்பதையெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தால் கதை எப்படி நடக்கும்? இதற்காகவே மறு ஆண்டு, 1940-ல், ராபின் என்ற சிறுவனைத் துணைக்குச் சேர்த்தார்கள். சர்க்கஸில் பார் விளையாடிய பெற்றோர் கொலையுண்டபின் அநாதையான டிக் கிரேஸன் என்பவனே அந்த முதல் ராபின்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவன் அப்படியே சிறுவனாகவும் இளைஞனாகவும் காலம் கடத்தினான். சித்திரக்கதைகளில் வயது நம் அலுவலகச் சுவர்க்கடிகாரம் போன்றது. யாராவது நினைத்துக்கொண்டு சாவி கொடுத்தால்தான் நகரும். 1980-களில் நகர்ந்தது. டிக் பெரியவனாகித் தன் வழியே போய், 1984-ல் வேறு பெயரும் வேறு உடையும் பூண்டான். காலியான இடத்துக்கு வேறொரு பையன் வேண்டும். 1983-ல் அறிமுகமாகியிருந்த ஜேஸன் டாட் என்ற பையனுக்கு அந்த இடம் கிடைத்தது.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. ஜேஸனை முதலில் படைத்தவர்கள் அவனை டிக்கின் நகலாகவே படைத்தார்கள். அவனுக்கும் சர்க்கஸ், அவன் பெற்றோரும் பார் விளையாடுகிறவர்கள், அவர்களும் கொலையுண்டார்கள். சில ஆண்டுகளில் பதிப்பகத்தாராகிய டி.சி. காமிக்ஸ் தம் கதைகள் அனைத்தையும் புதுக்கி எழுத முற்பட்டபோது இவனுடைய பிறப்பு வளர்ப்பையும் மாற்றிவிட்டார்கள். 1987-ல் வந்த 408-ஆம் இதழில், ஜேஸன் தெருவில் திரியும் பையன். தகப்பன் ஒரு கொள்ளைக்காரனிடம் அடியாளாக இருந்து மாண்டவன். வளர்த்த தாயும் நோயுற்று இறந்துவிட்டாள். பேட்மேன் தன் பெற்றோரைப் பறிகொடுத்த அதே சந்தில் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்த சமயம், இப்பையன் காரின் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தான்! ஊர் முழுவதும் பெயரைக் கேட்டாலே நடுங்கும் ஒருவனுடைய காரின் டயரைக் கழற்றிய துணிச்சலைக் கண்டு பேட்மேனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. பிற்பாடு அவனைத் தன் இல்லத்துக்கே அழைத்துப் போகிறான்.

எனக்கு இந்தப் பையனைப் பிடித்தது. ஆனால் அமெரிக்க வாசகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. அக்காலத்தில் அந்நாட்டுச் சித்திரக்கதை இதழ் ஒவ்வொன்றிலும் வாசகர் கடிதப் பக்கம் உண்டு. நம்முடைய மாதப் பத்திரிகைகளைப் போலவே அவர்களும் அதை மதித்து நடத்தினார்கள். 1960-களின் தொடக்கத்தில் கடிதம் எழுதியவர்களின் முழு முகவரியையும் டி.சி. நிறுவனத்தின் ஓர் ஆசிரியர் அச்சிடலானார். அதைக் கண்டு வாசகர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, நண்பர்களாகி, சங்கங்களும் கண்டார்கள். (தூரதேசத்தில் சங்கம் காண்பது நமக்கு மட்டும் உள்ள பழக்கம் அன்று.) 1988-ல் பேட்மேன் இதழ்களுக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியர் டென்னிஸ் ஓ'நீல் என்பவர். அவருக்கு வந்த கடிதங்கள் ஜேஸனை வெறுத்தன. டிக்கின் இடத்தை இவன் அபகரித்துக்கொண்டான் என்னும் எண்ணம் சில கடிதங்களிலேனும் தெரிந்தது என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

இதைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். டிக் தானாகப் போனவன். ஜேஸன் யாரையும் துரத்திவிட்டு வரவில்லை. அழைத்து வந்து, முன்னவனுடைய உடையை மாட்டி, முன்னவனுடைய பெயரால் கூப்பிட்டவர்கள் பெரியவர்கள். அபகரித்த பழி மட்டும் பையன் தலையில்!

கதை எழுதியவரும் அவனுக்கு அனுகூலமாயில்லை. அப்போது எழுதிவந்த ஜிம் ஸ்டார்லின் என்பவருக்கு ராபின் என்ற ஏற்பாடே பிடிக்காது. இருட்டில் மறைந்து போரிடும் ஒருவன் பளிச்சென்று சிவப்பும் மஞ்சளும் உடுத்திய சிறுவனை உடன் அழைத்துப் போவது நியாயமா என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஒரு சமயம் எந்தப் பாத்திரத்தை நோய்க்கு இரையாக்கலாம் என்று காரியாலயத்தில் பெட்டி வைத்து யோசனை கேட்டபோது, ஜேஸன் பெயரையே பல சீட்டுகளில் எழுதிப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் எழுதிய 424-ஆம் இதழ் ஜேஸனை நடுவில் நிறுத்திய கதை. ஒரு பெண்ணைக் கெடுத்து, அவள் உயிரை மாய்த்துக்கொள்ளக் காரணமான ஒரு தீயவன், வெளிநாட்டுத் தூதருடைய மகன் என்பதால் சட்டத்துக்கு எட்டாமல் தப்புகிறான். ஜேஸன் தனியே அவனிடம் போகிறான். பேட்மேன் வந்து சேரும்போது, அந்தத் தீயவன் மாடியிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறான். தள்ளினானா, தானே தவறி விழுந்தானா? பையன், அவன் பயந்து வழுக்கியிருப்பான் என்கிறான். கதை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகத்தை வாசகர்களின் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டது.

இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பையும் அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். அதுதான் நம் படிப்பகத்துப் புத்தகம்; முதலில் 426 முதல் 429 வரையிலான நான்கு இதழ்களாக வந்தது.

ஜேஸனுடைய மனம் நிலையில் இல்லை என்று கண்ட பேட்மேன், சிலகாலம் வேடம் பூண வேண்டாம் என்று அவனை நிறுத்திவைக்கிறான். பையன் கோபத்துடன் வெளியேறித் தான் வளர்ந்த பழைய தெருவுக்குப் போகிறான். பழைய அண்டைவீட்டுக்காரி ஒருத்தி அவனுடைய பெற்றோர் விட்டுச்சென்ற காகிதப் பெட்டியைக் கொடுக்கிறாள். அதிலிருந்த பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் அழிந்துபோய் முதல் எழுத்து மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்த எழுத்து வளர்த்தவளுடையது அன்று. தன்னைப் பெற்றவள் வேறொருத்தி, எங்கோ உயிருடன் இருக்கிறாள் என்று உணர்ந்து, அந்த ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு லெபனான் போய், அங்கிருந்து எத்தியோப்பியா வரை போகிறான். அங்கே பஞ்ச நிவாரண முகாமில் வேலை செய்யும் ஷீலா என்பவளே அவன் தாய்.

நம்மவர் சினிமாவாயிருந்தால் இங்கே பாட்டு வந்திருக்கும். இங்கே வந்தது வேறு. தாய் நிவாரணப் பணத்தைக் கையாடியவள். அவளை மிரட்டி மருந்துகளைக் கொள்ளையிட வந்திருப்பவன் ஜோக்கர் என்னும் கொடியவன். அவன் அனுப்பிய லாரிகளைத் துரத்திப் போகும் பேட்மேன், தான் திரும்பும் வரை ஒன்றும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் பையனைத் தனியே விட்டுப் போகிறான். பையனோ, பெற்றவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தான் யார் என்பதை அவளிடம் வெளியிடுகிறான். அவள் அவனை அப்படியே ஜோக்கரிடம் ஒப்படைக்கிறாள். கடப்பாரையால் அடி விழுகிறது. பிறகு தாயையும் கட்டிப்போட்டு, வெடிகுண்டு வைத்துவிட்டு ஜோக்கர் போகிறான். குற்றுயிராய்க் கிடந்த பையன் தவழ்ந்து சென்று தாயின் கட்டை அவிழ்க்கிறான். கதவு பூட்டியிருக்கிறது. கிடங்கு வெடிக்கிறது. 427-ஆம் இதழ் அங்கே முடிகிறது.

அந்த இதழின் பின்னட்டை உட்புறத்தில் ஒரு விளம்பரம். இரண்டு தொலைபேசி எண்கள்; ராபின் பிழைக்க வேண்டுமானால் ஒன்று, சாக வேண்டுமானால் மற்றொன்று. ஓர் அழைப்புக்கு 50 சென்ட் கட்டணம். 1988 செப்டம்பர் 15, 16 தேதிகளில் சுமார் 36 மணி நேரம் அந்த எண்கள் திறந்திருந்தன. ஓவியர் ஜிம் அப்பாரோ இரண்டு விதமாகவும் பக்கங்களை வரைந்து தயாராக வைத்திருந்தார். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில், ஒரு சிங்கி இறாலைக் கொதிநீரில் போடலாமா கூடாதா என்று நேயர்களைத் தொலைபேசியில் கேட்டதிலிருந்து இந்த யோசனை பிறந்ததாம். இறாலுக்கு வந்த யோசனை பையனுக்கு வந்து சேர்ந்தது.

மொத்தம் 10,614 அழைப்புகள். பிழைக்கட்டும் என்றவை 5,271. சாகட்டும் என்றவை 5,343. வித்தியாசம் 72.

எண்களுடன் பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்தக் கூட்டுத்தொகையை அவ்வளவு எளிதில் விட மனம் வரவில்லை. 72 என்பது நமது பழைய இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டி ஒன்றிலுள்ள படுக்கைகளின் எண்ணிக்கை. ஒரே ஒரு பெட்டிக்காரர்கள் அன்று தூங்கிப்போயிருந்தால் கணக்குச் சரிசமமாகியிருக்கும்! அன்றியும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நிபந்தனை இல்லை. காசு உள்ளவன் எத்தனை முறையும் அழைக்கலாம். யாரோ ஒருவர் தம் கணிப்பொறியை எட்டு மணி நேரம், 90 வினாடிக்கு ஒரு முறை, சாவு எண்ணையே அழைக்கும்படி அமைத்துவிட்டதாகத் தாம் கேள்விப்பட்டதாய் ஓ'நீல் பிற்காலத்தில் கூறினார். கேள்விதான், நிரூபணம் இல்லை. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மணியில் 320 அழைப்பு. செலவு 160 டாலர். அது உண்மையாயின் ஒரே ஒருவரின் வெறுப்பு 72-ஐ நான்கு தடவை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கும்.

பிறகு 428-ஆம் இதழ் வந்தது. இடிபாடுகளுக்கிடையே பேட்மேன் தேடுகிறான். முதலில் தாயைக் காண்கிறான். அவளுக்கு இன்னும் மூச்சு இருக்கிறது. வெடிக்கும் கணத்தில் தன் மகன் தனக்கு முன்னால் பாய்ந்து, அந்த அதிர்ச்சியைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டான் என்று சொல்கிறாள். தான் செய்த துரோகத்துக்குப் பிறகும் அவ்வளவு நல்ல பிள்ளையாய் இருந்தானே என்று வியந்து இறக்கிறாள். அடுத்துப் பையனின் உடல். பேட்மேன் அதை இரு கைகளிலும் ஏந்தி நிற்கிறான்.

நான் இப்பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். அடங்காதவன், முரடன், கொலையும் செய்திருக்கக்கூடியவன் என்று கருதிச் சாவு எண்ணைச் சுழற்றிய வாசகன், சில வாரம் கழித்து இதே பக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்திருப்பானல்லவா? பையன் எப்படிப்பட்டவன் என்பது தெரியும் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் வந்தது. கடிதமாக இருந்தால், 'இவன் முன்கோபி, இவனை இப்படி மாற்றுங்கள்' என்றோ, 'டிக் போல எழுதாதீர்கள்' என்றோ ஆயிரம் விதமாக எழுதலாம். தொலைபேசி எண்ணில் காரணம் எழுத இடமில்லை. கடிதம் எழுதப் பழகிய வாசகர்களைப் பொத்தான் அழுத்தப் பழக்கியது அந்த இரண்டு நாள் என்பேன்.

நான்காவது இதழைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜோக்கர் ஒரு நாட்டின் பிரதிநிதியாக ஐக்கிய நாடுகள் சபைக்கே வந்து நிற்கிறான்! இவ்வளவு துக்கத்தின் பின் இந்தக் கூத்து எதற்கு என்று தெரியவில்லை. நம் படிப்பகத்தில் யாருமே அந்தப் பகுதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பத்திரிகைகளில் செய்தி வந்ததும் அந்நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது. சித்திரக்கதை படித்தே இராதவர்களும், தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்த பழைய ராபினையே கொன்றுவிட்டார்கள் என்று எண்ணிக் கொதித்தார்கள். புகழ்பெற்ற பேட்மேன் கதாசிரியர் ஃபிராங்க் மில்லர் இதை மிகவும் இழிவான காரியம் என்று கண்டித்தார். விந்தை என்னவெனில், அவரே 1986-ல் எழுதிய எதிர்காலக் கதையில் ஜேஸன் ஏற்கெனவே இறந்தவனாகக் குறிப்பிடப்பட்டிருந்தான். துணைப்பாத்திரங்களின் உயிர் என்றைக்கும் இப்படித்தான் வாடகை வீடு. வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரடை 1964-ல் பாறையின் கீழ் நசுக்கிக் கொன்றார்கள். 1966-ல் தொலைக்காட்சித் தொடரில் அவர் வருகிறார் என்றதும், சாகவில்லை என்று எழுப்பிவிட்டார்கள். ஜேஸனும் 2005-ல், 'ரெட் ஹூட்' என்ற முகமூடிக்காரனாக, தன் சாவுக்குப் பழி வாங்கப்படவில்லையே என்ற ஆத்திரத்துடன் திரும்பி வந்தான். 2023 டிசம்பரில் பதிப்பகத்தார் அந்தப் பழைய 428-ஆம் இதழையே, பையன் உயிர் பிழைத்தது போன்று, அப்பாரோ வரைந்து உபயோகிக்காமல் வைத்திருந்த பக்கங்களுடன் வெளியிட்டார்கள். இரண்டு முடிவையும் விற்றாயிற்று. வியாபாரம் வியாபாரம்தான்.

நம் படிப்பகத்து அபிப்பிராயங்களுக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் வாக்கெடுப்பை ஆதரித்தார். "காகிதத்துப் பையன்தானே? காசு கொடுத்து வாங்குகிறவனுக்குக் கதையில் உரிமை கிடையாதா? இன்றைக்குப் பாட்டுப் போட்டியில் யாரை வெளியே அனுப்புவது என்று நாம் எல்லோரும் செய்தி அனுப்பவில்லையா?" என்று கேட்டார். எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. சென்ற ஆண்டு நானும் இரண்டு செய்தி அனுப்பினேன்.

ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர், பையனைப் பற்றியே பேச மறுத்துவிட்டார். "பயிற்சி முடியாத ஆளை எஞ்சினிலே ஏத்தினது யாரு? ஏத்தினது மட்டுமா, நடுவழியிலே தனியா நிறுத்திட்டு வேற வண்டியைப் பார்க்கப் போனது யாரு? விசாரணைன்னு வெச்சா முதல் சார்ஜ் ஷீட் அந்தக் கறுப்புச் சட்டைக்காரனுக்குத்தான்" என்றார். இதற்குப் பலத்த கைதட்டல்.

ஆசிரியையாயுள்ள ஒரு சகோதரிக்குத் தாயின் பாத்திரமே பொறுக்கவில்லை; அப்படி ஒரு தாய் இருப்பாளா என்றார். மற்றோர் அன்பர், இத்தகைய பையன்களைத் திருத்த முடியாது, எந்த ஊரிலும் பார்த்திருக்கிறேன், ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்று சொன்னார். அவர் நல்லவர், படிப்பகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர். ஆனால் அன்று அவர் அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லோரையும் விட ஒரு சிறுமி கேட்டதுதான் சபையை அடக்கிற்று. ஐந்தாம் வகுப்பு படிப்பவள். "ரெண்டு நம்பர்தானா? மூணாவது நம்பர் ஏன் குடுக்கல?" என்றாள். மூன்றாவது எதற்கு என்று கேட்டோம். "அவன் ராபினா இருக்க வேண்டாம், வீட்டிலே இருந்து ஸ்கூலுக்குப் போகட்டும்னு சொல்றவங்களுக்கு."

அமெரிக்காவில் பத்தாயிரம் அழைப்புகளுக்கு அந்த மூன்றாவது எண் இல்லை.

இனிச் சொல்லப்போவது என் வீட்டு விஷயம். எழுதலாமா என்று தயங்கினேன். என் மனைவி எழுதச் சொன்னாள். என் தமையனார் காலமானபின் அவருடைய மகன் இரண்டு ஆண்டுகளாக எங்களுடன் இருக்கிறான். வயது 13. என் மகன் அவனைவிட ஒரு வயது மூத்தவன், அமைதியானவன், இந்த ஊரிலேயே பிறந்தபடியால் ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. இவனுக்கு ஹிந்தி வரவில்லை. வகுப்பில் சிரித்த பையனை அடித்துவிட்டு வந்தான். எதிர்வீட்டு ஜன்னற் கண்ணாடி ஒன்று. அதற்கு நான் பணம் கட்டினேன். இந்த இரண்டு வருஷத்தில் 'உன் அண்ணனைப் பார்' என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்கு எந்தப் பேரேட்டிலும் கணக்கில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் படிப்பகத்தின் மூலையில், புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். திருத்த முடியாத பையன்களைப் பற்றி அன்பர் சொன்னதையும் கேட்டிருக்கிறான். ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"சித்தப்பா, அந்த மொதப் பையன் இல்லாமலே இருந்திருந்தா, இவனை யாருக்காவது பிடிக்காமப் போயிருக்குமா?"

என் மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஏதோ கதாசிரியர், பதிப்பகம், விற்பனை என்று ஆரம்பித்தேன். அவன் அதைக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பாதியில் விட்டுவிட்டேன். "போயிருக்காதுடா" என்று மட்டும் சொன்னேன். என் மனைவி அவன் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அன்று முதல் அந்த வாக்கியம் நாக்கின் நுனிக்கு வரும்போது விழுங்கிவிடப் பழகிவருகிறேன். இதுவரை நான்கு முறை தவறியிருக்கிறது. நான்காவது முறை என் மகனே, "அப்பா!" என்று நிறுத்தினான்.

ஜேஸனுக்குப் பின் 1989-ல் டிம் டிரேக் என்ற மூன்றாவது பையனைக் கொண்டுவந்தார்கள். இம்முறை எச்சரிக்கையாக இருந்தார்கள். பேட்மேனையும் ராபினையும் சிறுவயது முதல் கவனித்து, அவர்கள் யார் என்பதைத் தானே கண்டுபிடித்தவன் அவன். அதாவது ஒரு நல்ல வாசகன். வந்தவுடனே உடையைக் கொடுத்துவிடவில்லை. பயிற்சி கொடுத்து, காலம் தாழ்த்தி, 1990-ல்தான் ராபின் ஆக்கினார்கள். வாசகர்களும் ஏற்றுக்கொண்டார்கள். எஞ்சின் டிரைவர் இதைக் கேட்டால் திருப்தியடைவார். ஆனால் குகையில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் ஜேஸனுடைய உடை தொங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பையன் தினமும் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

இப்புத்தகத்தைப் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். கடப்பாரைக் காட்சி மிகவும் கொடியது. நேராகக் காட்டாமல் நிழலாகவும் வீச்சாகவும் வரைந்திருப்பதால் இன்னும் மனத்தை விட்டு அகலாது. பெரிய பிள்ளைகள் படிக்கலாம். பெரியவர்கள் அவர்களுக்குப் பின்னால் படித்தால் போதாது, கூடவே படிக்க வேண்டும். ஏனெனில் கேள்விகள் சாப்பாட்டு வேளையில் வருகின்றன.

வாசகர்களின் அபிப்பிராயத்தையும் அறிய விரும்புகிறேன். அந்தப் பையனை என்ன செய்திருக்கலாம்? தொலைபேசி வேண்டாம், தபால் கார்டில் எழுதுக. அங்கே 50 சென்டுக்கு ஒரு சொல்தான் கிடைத்தது. இங்கே 50 காசுக் கார்டில் இருபது வரி எழுதலாம். சாகட்டும், பிழைக்கட்டும் என்று மட்டும் எழுதி அனுப்பும் கார்டுகள் பிரசுரிக்கப்படமாட்டா. காரணம் எழுத வேண்டும். வத்தற்குழம்புச் சகோதரியும் அவசியம் எழுதவேண்டும். பிள்ளைகள் தனியாகத் தங்கள் கையாலேயே எழுதினால் மிக்க மகிழ்ச்சி; தமிழில் பிழை இருந்தால் நான் திருத்திக்கொள்கிறேன்.

புத்தகம் தற்சமயம் எஞ்சின் டிரைவர் வீட்டில் இருக்கிறது. அவருக்குப் பின் மூன்று பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. மூன்றாவது என் தமையனார் மகனுடையது. அவன் இரண்டாம் முறை எடுக்கிறான்.